இணையத்தளங்களைப் பரீக்ஷித்தறியும் முறை
ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் கற்ற பாடம்

விதை வாங்கும் குடியானவர் எவரும் மூட்டையின்மேல் எழுதியிருப்பதை மாத்திரம் நம்பி நாற்றங்காலில் இடுவதில்லை. நூறு விதைகளை எண்ணியெடுத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்த பின்னரே விதைப்பர். புதிய கலப்பை வந்தால் வயலின் ஓரத்தில் இரண்டு சால் ஓட்டிப் பார்ப்பர். ஆனால் இக்காலத்தில் பட்டா, மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை, வானிலை ஆகிய யாவும் எந்த வாயில் வழியாக நம்மை வந்தடைகின்றனவோ, அந்த வாயிலாகிய இணையத்தளத்தை மட்டும் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதில் தடுமாறுகிறவர் தமக்குப் படிப்புப் போதாதென்று தம்மையே நொந்துகொண்டு, பிறர் கையில் காசைக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்.

இவ்வாறு நொந்துகொள்ளுதல் தகாது. பக்கத்தின் குற்றம் பக்கத்தையே சாரும். அதனைக் கண்டுபிடிக்க ஒழுங்கான முறையும் விதிகளும் ஏற்பட்டிருக்கின்றன. அம்முறையை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் தத்தம் ஊரிலேயே கையாளலாம் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையில் ஒரு சோதனை

சென்னையில் அடையாற்று முகத்துவாரத்திற்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, மீன்பிடித் தொழிலையே நம்பிய பழங்குடியிருப்பாகும். விவசாயப் பத்திரிகையில் மீனவர் குப்பத்தைப்பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். வயலில் ஓர் அறிவிப்பைத் தவறாகப் படித்தால் அதன் பலன் அறுவடையில்தான் தெரியும். அப்பொழுது பழியை மழையின்மீதோ பூச்சியின்மீதோ சுமத்திவிடுவோம். கடலில் தவறாகப் படித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆகையால் ஒரு பக்கம் தெளிவாயிருக்கிறதா என்பதை அறியக் கடற்கரையைவிடச் சிறந்த சோதனைக் களம் இல்லை.

அக்கரையில் ஒரு முதியவரிடம், காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றை முன்னறிவிக்கும் தளம் ஒன்றைக் கைபேசியில் திறந்து கொடுத்தோம். தளத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. படத்தில் அம்புக்குறிகள் நிறைந்திருந்தன. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சார், இந்த அம்பு காற்று வருகிற பக்கத்தைக் காட்டுகிறதா, போகிற பக்கத்தைக் காட்டுகிறதா?” என்று கேட்டார். எமக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் மறைந்திருந்த குறிப்பைத் தேடிப் படித்த பின்னரே சொல்ல முடிந்தது.

அவருடைய கேள்வி மிகவும் பொருளுடையது. வானிலை சாஸ்திரத்தில் காற்று, தான் புறப்பட்டு வரும் திசையால் பெயர் பெறும். வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வீசுவது. கடல் சாஸ்திரத்திலோ நீரோட்டம், தான் செல்லும் திசையால் குறிக்கப்பெறும். வடகிழக்கு நீரோட்டம் என்றால் வடகிழக்கு நோக்கிப் பாய்வது. ஆகவே ஒரு பக்கத்தில் “காற்று வடகிழக்கு, நீரோட்டம் வடகிழக்கு” என்று அச்சிட்டிருந்தால், படிப்பவர் இரண்டும் ஒருமுகமாய்ச் செல்வதாக எண்ணுவர். உண்மையில் அவை ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். சிறு படகுக்கு அதுவே அபாயம். எழுதியவர் பொய் எழுதவில்லை. எனினும் படித்தவர் பொய்யை அறிந்துகொண்டார்.

அலையின் உயரமும் இத்தகையதே. முன்னறிவிப்பில் “அலை உயரம் 2 மீட்டர்” என்று காண்பது, பெரும்பாலும் அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியாகும். தனியொரு அலை அதனினும் ஏறக்குறைய இரு மடங்கு எழக்கூடும். இதனைச் சொல்லாத பக்கம், 2 மீட்டருக்கு மேல் அலை வராதென்று உறுதி கூறியதற்கு ஒப்பாகும். நேரமும் அவ்வாறே, சர்வதேச நேரத்தில் 00 மணி என்று போட்டிருப்பது நமக்கு அதிகாலை 5.30 மணி. இந்த ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கூறாவிட்டால், விடியற்காலையில் படகைத் தள்ளுகிறவர் எந்த வேளைக்குரிய அறிவிப்பைப் படிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

விதிகள் ஏற்பட்ட வரலாறு

தளங்களைக் குணதோஷம் பார்க்கும் முறையை 1990-இல் டென்மார்க் தேசத்தவரான ஜேக்கப் நீல்சென், ரால்ஃப் மோலிக் என்னும் இருவர் வெளியிட்டனர். நீல்சென் 1994-இல் அதனைத் திருத்திப் பத்து விதிகளாக வகுத்தார். இன்றும் உலகெங்கும் அவை பயின்று வருகின்றன. நம் நாட்டில் தேசியத் தகவலியல் மையம், இந்திய அரசாங்க இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2009-இல் வெளியிட்டது. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. ஆகவே நாம் கூறப்போகும் குறைகள் தனிமனிதரின் மனக்குறைகள் அல்ல. ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோலைக்கொண்டு அளந்து சொல்பவை.

பத்து விதிகள்

1. நடப்பது தெரிதல் வேண்டும். பொத்தானை அழுத்திய பின் மனு சேர்ந்ததா இல்லையா என்பதைப் பக்கம் உடனே சொல்ல வேண்டும். வெறுந்திரையைக் கண்டவர் மறுபடி அழுத்துவார். ஒரு மனு இரண்டாகும். மனு எண்ணும் தேதியும் காட்டுவதே ஒழுங்கு.

2. உலக வழக்கோடு பொருந்துதல் வேண்டும். குப்பத்து முதியவரின் கேள்வி இவ்விதியைச் சார்ந்தது. வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டு வழங்கும் மக்களுக்குப் பாகைக் கணக்கில் திசை சொல்வது, மரக்கால் கேட்டவருக்குத் தராசுப் படியைக் கொடுப்பது போலாகும்.

இவ்விஷயத்தில் நிலமுடையோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். நம் பட்டாவில் விஸ்தீரணம் ஹெக்டேர், ஏர் என்ற அளவில் காணப்படுகிறது. நாம் பேசுவதோ ஏக்கர், சென்ட். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். ஆகவே “0 - 40.50” என்று கண்டால் அது நாற்பது சென்ட் அன்று, ஒரு முழு ஏக்கர். கிரயப் பேச்சில் இத்தவறு நேர்ந்தால் நஷ்டம் எவ்வளவென்று சொல்ல வேண்டுவதில்லை. உரப் பரிந்துரையும் அப்படியே. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ என்று பக்கத்தில் இருப்பதை ஏக்கருக்கென்று கொண்டால், 60 கிலோ இடவேண்டிய இடத்தில் இரண்டரை மடங்கு விழும். பயிர் மதர்த்துச் சாயும், புகையானும் குலைநோயும் பெருகும், பணமும் வீண். ஏக்கர்க் கணக்கையும் அருகிலேயே காட்டாத பக்கம், எவ்வளவு அழகாயிருப்பினும் இவ்விதியில் தேறாது.

3. மீளும் வழி இருத்தல் வேண்டும். தவறி வேறு பக்கத்திற்குள் நுழைந்தவர், அதுகாறும் நிரப்பியவற்றை இழக்காமல் திரும்பிவர வேண்டும். ஆறு கட்டங்களை நிரப்பி ஏழாவதில் தவறினால் முதலிலிருந்து தொடங்கச் செய்வது பெருங்குறை.

4. ஒருமைப்பாடு வேண்டும். ஒரே பொருளை ஓரிடத்தில் புல எண் என்றும், மற்றோரிடத்தில் சர்வே நம்பர் என்றும், பிறிதோரிடத்தில் அளவை எண் என்றும் குறித்தால், அவை மூன்று வெவ்வேறு எண்கள் என்றே புதியவர் மயங்குவர்.

5. பிழையை நேருமுன்னரே தடுத்தல் வேண்டும். பாங்குக் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பதினோர் இலக்கம் கொண்டது. அதில் ஐந்தாவது எப்பொழுதும் பூஜ்யமே. அவ்விடத்தில் பூஜ்யத்திற்குப் பதிலாக ஆங்கில எழுத்தாகிய ‘ஓ’வை இடுவது சாதாரணமாக நேரும் பிழை. நன்கு அமைந்த பக்கம் அவ்வெழுத்தை அங்கே ஏற்கவே ஏற்காது. அமையாத பக்கமோ ஏற்றுக்கொண்டு பிறகு மனுவைத் தள்ளிவிடும். முதலது வரப்பிலேயே நீரைத் தடுப்பது. பின்னது உடைப்பெடுத்த பின் மண் தேடுவது.

6. நினைவுக்கு வேலை கொடாதிருத்தல் வேண்டும். நம் மாநில அரசின் நிலப்பதிவேட்டுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தட்டெழுதாமல், பட்டியலினின்று தேர்ந்தெடுத்துப் பட்டா விவரம் காணும் ஏற்பாடு இருக்கிறது. இது மெச்சத்தக்கது. கிராமப் பெயரை எழுதச் சொன்னால் ஒருவர் ‘ப்’ இட்டும் மற்றொருவர் இடாமலும் எழுதுவர், தேடியது கிடைக்காது. குறைகளை மட்டுமன்றி இத்தகைய நலங்களையும் குறித்துக்கொள்வதே நேர்மையான பரீக்ஷை.

7. பழகியவருக்குக் குறுக்குவழி வேண்டும். நாள்தோறும் ஒரே சந்தையின் விலையைப் பார்ப்பவர் தினமும் பட்டியல் முழுவதையும் கடக்க வேண்டுவதில்லை. முன்பு தேர்ந்ததைத் தளம் நினைவில் வைத்தல் நலம்.

8. வேண்டாதன விலக்கல் வேண்டும். விழாப் படங்களும் ஓடும் எழுத்துக்களும் தலைப்பை அடைத்துக்கொண்டால், புயல் எச்சரிக்கை கீழே தள்ளப்படும். எழுத்து வெயிலில் தெரிய வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது என்பது சர்வதேச அளவுகோல். வானிலைத் துறையார் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையை நான்கு வர்ணங்களால் வகுக்கின்றனர். வர்ணத்தை மட்டும் காட்டி வார்த்தையைக் காட்டாத பக்கம், வர்ணபேதம் அறியாத கண்ணுடையோரைக் கைவிடுகிறது.

9. பிழையைத் தெளிவாய்ச் சொல்லித் திருத்த உதவுதல் வேண்டும். “தவறான தகவல்” என்று மட்டும் சிவப்பெழுத்தில் வந்தால், எது தவறென்று எவ்வாறு அறிவது? “ஆதார் அட்டையில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் வேறுபடுகின்றன, தலைப்பெழுத்தைச் சரிபார்க்கவும்” என்று வந்தால், எழுத்தறிந்த பிள்ளையொருவன் வீட்டிலிருந்தே திருத்திவிடுவான்.

10. உதவிக் குறிப்பு இருத்தல் வேண்டும். குறிப்பு தமிழில், சுருக்கமாக, தேடினால் அகப்படும் இடத்தில் இருக்க வேண்டும். பேசித் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். மத்திய அரசின் விவசாயிகள் அழைப்பு மையத்திற்குக் கட்டணமில்லா எண் 1800-180-1551 இருப்பதை வாசகர்கள் குறித்துக்கொள்க.

பரீக்ஷை நடத்தும் விதம்

ஒருவரே பார்த்தால் போதுமா என்றால், போதாது. நீல்சென் தம் ஆறு சோதனைகளின் சராசரியாகக் கண்டது, தனியொருவர் குறைகளில் நூற்றுக்கு 35 பங்கையே கண்டுபிடிக்கிறார் என்பது. ஐவர் தனித்தனியே பார்த்துப் பின் சேர்த்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிப்படும். ஆகையால் மூவர் முதல் ஐவர் வரை வேண்டும் என்பது அவர் முடிவு. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய இடங்களினின்று மாதிரி எடுப்பது போன்றதே இது. ஒருவர் மற்றவரோடு கலந்து பேசாமல் முதலில் தனியே பார்த்தல் அவசியம். பேசிவிட்டால் அனைவரும் ஒரே குறையையே காண்பர்.

முதலாவது, ஒரு காரியத்தைக் குறித்துக்கொள்க. “தளத்தைப் பார்” என்பது காரியமாகாது. “உமது புல எண்ணுக்குரிய பட்டாவை எடுத்து, விஸ்தீரணம் எத்தனை ஏக்கர் என்று சொல்லும்” என்பது காரியம். உழவன் செயலியில் இன்றைய சந்தை விலையைக் காண்பது மற்றொன்று.

இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் பத்து விதிகளில் எது மீறப்பட்டதென்று எழுதுக. “நன்றாயில்லை” என்று எழுதுதல் பயனற்றது. எந்தப் பக்கம், எந்த இடம், எந்த விதி, என்ன நேர்ந்தது என்ற நான்கும் வேண்டும்.

மூன்றாவது, குறைக்கு மதிப்பு இடுக. குறையன்று என்பதற்குப் பூஜ்யம். கண்ணுக்கு மட்டும் உறுத்துவது 1. சிறு இடையூறு 2. பெரும் இடையூறு 3. காரியத்தையே கெடுப்பது 4. எத்தனை பேருக்கு நேர்கிறது, நேர்ந்தால் தாண்ட முடியுமா, ஒருமுறை கற்றபின் தீருமா, மீண்டும் மீண்டும் வருமா என்பவற்றைக்கொண்டு இம்மதிப்பை நிர்ணயிக்க வேண்டும். உதாரணமாக, பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் தனி வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அத்தகைய மனுவை ஏற்கும் எந்தப் பக்கமும் ஒரு நாள் தடுமாறச் செய்தால், அவகாசத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். அக்குறைக்கு 4 என்பதன்றி வேறு மதிப்பில்லை. முகப்பில் உள்ள படம் மங்கலாயிருப்பதற்கு 1 போதும்.

நான்காவது, விதிகளைக்கொண்டு அறிந்தோர் பார்த்த பின், உண்மையில் உபயோகிக்கிறவரை உட்கார்த்திப் பார்க்க வேண்டும். அவர் கையில் கைபேசியைக் கொடுத்துக் காரியத்தைச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு அருகில் இருக்க வேண்டும். இதுவே எல்லாவற்றினும் கடினம். “அங்கே அழுத்துங்கள்” என்று சொல்ல நா துடிக்கும். சொல்லிவிட்டால் பரீக்ஷை கெட்டது. குப்பத்தில் அம்முதியவர் கேட்ட கேள்வி, விதிகளைப் படித்த எமக்குத் தோன்றவில்லை. தொழில் அறிந்தவருக்கே அது தோன்றியது.

தளத்தோடு முடிவதில்லை

எவ்வளவு செம்மையான பக்கமாயினும் அது மக்களிடம் சென்று சேராவிட்டால் பயனில்லை என்பதற்குக் கடற்கரையே மீண்டும் சான்று. சென்னைத் தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் அமைந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கி வழியே ஊராருக்கு அறிவித்தனர். அயல்நாட்டார்க்கென அமைந்த பக்கம், இடையில் நின்று சொல்லும் ஒருவரால் நம் மீனவருக்கு உதவும் பக்கமாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அடுத்துள்ள நல்லவாடு என்னும் ஊரில், சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அறிவு மையத்து ஒலிபெருக்கியில் செய்தி பரவி மக்கள் கரையை விட்டகன்று உயிர் தப்பினர்.

இதற்கு மாறானது 2017 நவம்பர் 30-இல் ஓக்கிப் புயலால் நேர்ந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையினின்று பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தோர்க்கு, கைபேசி எட்டாத தொலைவில் எச்சரிக்கை எட்டவில்லை, அநேகர் மாண்டனர். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முதலியோர், செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் செய்தி பெறும் ஜெமினி என்னும் கருவியை 2019-இல் வெளியிட்டது இக்குறையை நீக்கும்பொருட்டே. ஆகவே பரீக்ஷை செய்வோர் பத்து விதிகளோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இச்செய்தி யாருக்கு வேண்டுமோ அவர் நிற்கும் இடத்தில், அவருக்கு வேண்டிய வேளையில், அவர் பேசும் மொழியில் போய்ச் சேருகிறதா?

கிராமத்தார் செய்யத்தக்கது

கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், படித்த நிலச்சுவான்தார் ஒருவர், நிலம் உழும் பெண்மணி ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர் ஆகிய ஐவர் ஒரு நாள் பிற்பகல் கூடினால் இப்பரீக்ஷை நடந்துவிடும். வேண்டுவன ஒரு கைபேசியும் ஒரு கோடிட்ட தாளும் மாத்திரமே. எழுதிய குறைகளில் 3, 4 என்று மதிப்புப் பெற்றவற்றை முதலில் வைத்து, திரைப் படத்தோடு அத்தளத்தின் கருத்துப் பகுதிக்கும், சம்பந்தப்பட்ட இலாகாவின் ஜில்லா அலுவலகத்திற்கும் அனுப்புக. கிராம சபைக் கூட்டத்தில் படித்துப் பதிவு செய்தல் மிக நன்று. தளத்தை அமைப்போர் நகரத்தில் குளிர்ந்த அறையில், பெரிய திரையில் அதனைப் பார்க்கின்றனர். வரப்பில் நின்று, வெயிலில், சேறு படிந்த விரலால் அதனைத் தொடுகிறவர் சொன்னாலன்றி அவர்களுக்கு இக்குறைகள் தெரிய வழியில்லை.

அன்று குப்பத்தில் விடைபெறும்போது அம்முதியவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, “அம்பின் தலையில் ‘இங்கிருந்து’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும் சார்” என்றார். பத்து விதிகளையும் கற்றவர் எழுதும் அறிக்கை அதனினும் தெளிவாக இருத்தல் அரிது. அத்தகைய ஒரு வார்த்தை நம் பக்கங்களில் எங்கெங்கே குறைகிறதென்று கண்டு எழுதி அனுப்புவது, ஒவ்வோர் ஊராரும் செய்துகொள்ளத்தக்க, செலவற்ற அபிவிருத்தி வேலையாகும்.